பக்கம் சுற்றி வரும்வரை

போன வாரம் ஔந்தில், நாங்கள் இப்போது குடியிருக்கிற பக்கத்தில், நாள் முழுக்க மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவள் செய்வது படிப்பது. அம்மாவுக்குக் காது கேட்காது. படத்துக்கு அடியில் வரும் எழுத்தை ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிப்பாள்; சமையல் செய்து காட்டுகிறவனின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அன்று அவன் கொதிக்கிற எண்ணெயில் எதையோ போடப் போகும் நேரத்தில் படம் சதுரம் சதுரமாக உறைந்தது. பிறகு திரை முழுக்க நீலம். நடுவில், சிக்னல் இல்லை என்று மரியாதையாக ஓர் அறிவிப்பு.

"இன்னா போட்டான் அவன்?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

தெரியாது என்று கையை விரித்தேன்.

"முன்னெல்லாம் மழ பேஞ்சா எழுத்து ஒடஞ்சி ஒடஞ்சியாவது வந்துகினு இருக்கும். நாம பாத்துப் பொருத்திக்குவோம். இது ஒரேயடியா பூடுது," என்று சலித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

நான் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டேன். மேலே கை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்த ஒரு வாசனை. அதோடு, வெளியே மழை வாசனை. இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு மூன்றாவதாக ஒன்று தானாக வந்துவிடும்: அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, அடுக்கடுக்காக உதிரும் உப்புக் காரி பிஸ்கட்டின் வாசனை. எங்கள் பக்கத்தில் பேக்கரி எதுவும் இல்லை. அந்தப் பேக்கரி கட்கி பஜாரில் இருந்தது, அதுவும் முப்பது வருடம் முன்னால். அதற்கு மேல் மாடியில்தான் நான் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்.

ஷிர்கே பாவுவின் கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூம் அது. பாவு என்றால் மராட்டியில் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பெயரைக் கேட்டு விண்வெளி நிலையம் போல எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரே அறை. ஒரு சுவர் முழுக்க மினுக்கும் பெட்டிகள், தரை முழுக்கக் கறுப்பு ஒயர்கள், நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். பி.காம். படித்துவிட்டு, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு, பேங்க் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். பேங்க் என்ன காரணத்தாலோ என்னை நம்பவில்லை. "சும்மா உக்காந்து இருக்காத, போய் டைப் அடி," என்று அப்பாதான் பாவுவிடம் கொண்டுபோய் விட்டார்.

வேலை என்னவென்று சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய டி.வி. ரிமோட்டில், கோடு போட்ட காகிதம் மாதிரி படம் போட்ட ஒரு பட்டன் இருந்திருக்கும். நம்மில் பலபேர் அதைத் தொட்டே பார்த்ததில்லை. தொட்டாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் பெரும்பாலான டி.வி.களில் அதற்கான சில்லு இருக்காது. இருக்கிற டி.வி.யில் அழுத்தினால் படம் மறைந்து கறுப்புத் திரையில் மஞ்சளும் பச்சையுமாக எழுத்துகள் வரும். அரசுத் தொலைக்காட்சி தன் படத்தின் மேல் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத கோடுகளில், பக்கம் பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்த செய்தி அது. டெலிடெக்ஸ்ட் என்று பெயர். வானிலை, தங்கம் விலை, கிரிக்கெட் ஸ்கோர், எந்த ரயில் எவ்வளவு தாமதம், எல்லாம் இருக்கும்.

மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்த யாரோ ஒருவரிடம் பாவு அப்படி ஒரு டி.வி.யை வாங்கிவைத்திருந்தார். கட்கியில் வேறு யாரிடமும் அது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதில் வருவதை நான் படித்து, கம்ப்யூட்டரில் இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் திரும்ப டைப் அடித்து, எங்கள் கேபிளின் கடைசி சேனலில் ஓட விட வேண்டும். அதோடு ஊர்ச் சமாசாரமும் சேரும். நாளைக்குத் தண்ணீர் வராது, பஜாரில் ஒரு சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது, யாருக்கோ ரத்தம் வேண்டும், இப்படி. மாதச் சந்தா கட்டியவர்கள் எல்லார் வீட்டிலும் என் எழுத்துப்பிழைகள் பெரிய எழுத்தில் ஓடின. ஒருமுறை 'குடிநீர் நிறுத்தம்' என்பதற்குப் பதிலாக நான் அடித்ததை இங்கே எழுத முடியாது. பாவு இரண்டு நாள் பஜார் பக்கம் தலைகாட்டவில்லை.

டெலிடெக்ஸ்ட்டில் இப்போது நினைத்தாலும் கனவு மாதிரி இருப்பது அந்தக் காத்திருப்புதான். இப்போது வழிகாட்டிப் பட்டனை அழுத்தினால் ஒரு வாரத்து நிகழ்ச்சி அத்தனையும் அட்டவணை போட்டு நொடியில் வந்து நிற்கிறது. அப்போது அப்படி இல்லை. பக்க எண்ணை அழுத்திவிட்டால், மேல் மூலையில் எண்கள் ஓட ஆரம்பிக்கும். நூற்றொன்று, நூற்றிரண்டு என்று எல்லாப் பக்கமும் வரிசையாகக் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது வரும்போது திரை அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அதுவரை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். கீழே இருந்து காரி வாசனை ஏறி வரும். ஜன்னலுக்கு வெளியே, அப்பா வேலை பார்த்த பேக்டரி விட்டு சைக்கிள்கள் போகும். நான் எண்களைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவேன். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவளாக ஆகிவிட்டது போலவும், என் புடவையைப் பற்றி ஊரே பேசுவது போலவும். பக்கம் வந்து நின்றிருக்கும், நான் வந்திருக்கமாட்டேன். "பேட்டி, தூங்கறியா?" என்று பாவு தட்டி எழுப்புவார். மகளே என்பதற்கு இந்தியில் பேட்டி; என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

செய்தி வாசிக்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது அம்மாவிடமிருந்துதான். பேக்டரி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் அம்மாதான் செய்தி. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்கு ஓவர்டைம் கிடைத்தது, எந்தக் கடையில் பொன்னி அரிசி வந்திருக்கிறது, எல்லாம் கையில் முறத்தோடு வாசலில் நின்று சொல்வாள். இந்தக் கோடியில் சொன்னால் அந்தக் கோடியில் பதில் வரும். பிறகு அவளுக்கு டி.பி. வந்தது. உயிரைக் காப்பாற்றிய ஊசி காதைக் கொண்டுபோய்விட்டது. அப்போது நான் காலேஜில் இருந்தேன். காது போனதைவிட எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அவள் பேச்சை நிறுத்திவிட்டதுதான். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ரேஷன் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகு வெளியில் வாயைத் திறக்கவே இல்லை. நாங்கள் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவோம். தலையசைப்பாள், அவ்வளவுதான்.

கேபிளின் அந்தக் கடைசி சேனல் அவளுக்குக் கிடைத்த பிறகு கொஞ்சம் தேவலை. சின்ன வயதில் கண்டோன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் இங்கிலீஷ் எழுத்து தெரியும்; இந்தி பஜாரில் பேசிப் பழகியது. நான் காலையில் கிளம்பும்போதே டி.வி.யைப் போட்டு வைத்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வந்தால், சாவிக்கொத்துக்குச் சொந்தக்காரன் வந்தானா என்று சைகையில் கேட்பாள்.

இப்படி இருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அப்பா ஊருக்குப் போனார். எங்கள் ஊர் ஆற்காட்டுப் பக்கம். சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மாவுக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, எனக்கு லீவு இல்லை, அவர் மட்டும் போனார். திரும்பி வருகிற அன்று காலையிலிருந்தே கொட்டுகிற மழை. மத்தியானம் நான் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காரும்போது பாவு மாடிப்படி ஏறி ஓடி வந்தார்.

"ரயில் ஒண்ணு கவிழ்ந்துடுச்சாம், பேட்டி. சோலாப்பூருக்கு அந்தப் பக்கம். தெற்கேயிருந்து வர்ற வண்டி. பஜார் பூரா அதே பேச்சு. டெலிடெக்ஸ்ட்டைப் பாரு." அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். என் காதில் அது எப்போதும் இப்படித்தான் விழுந்தது.

ரயில் பக்கத்தின் எண்ணை அழுத்தினேன். எண்கள் ஓடின. அன்றைக்கு அவை ஓடியதுபோல என் வாழ்நாளில் எதுவும் மெதுவாக ஓடியதில்லை. பக்கம் வந்தது. மழையில் பாதி எழுத்துகளைக் காணோம். ஒரு வரியில் தடம் புரண்டது என்பது மட்டும் புரிந்தது. எந்த ஊரிலிருந்து கிளம்பிய வண்டி என்ற இடத்தில் கேள்விக்குறியும் கட்டமும் கிறுக்கலும். வண்டி எண்ணில் முதல் மூன்று இலக்கம் இருந்தது. நான்காவது இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்.

அந்த மூன்று இலக்கத்தில் ஆரம்பிக்கும் வண்டிகள் அந்தப் பாதையில் இரண்டு. ஒன்று அப்பா வரும் மெட்ராஸ் வண்டி. இன்னொன்று அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற வேறொரு வண்டி.

பாவு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எங்கேஜ்ட். மறுபடி போட்டார். எங்கேஜ்ட். "சரி, விபத்துன்னு முதல்ல எழுதிப் போட்டுடு. மீதியை அப்புறம் பார்க்கலாம். ஜனங்க நம்ம சேனலைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க."

விசைப்பலகையில் கை வைத்தேன். எடுத்துக்கொண்டேன்.

"எழுது பேட்டி."

"பாவு, எங்க அப்பா அந்த ரெண்டுல ஒரு வண்டில வர்றாரு. எங்கம்மா தனியா உட்கார்ந்து இந்தச் சேனலைத்தான் பார்த்துட்டு இருக்கா. அவளால யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது. பாதி எழுதினா பாதிதான் தெரியும்."

பாவு என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் மொட்டை மாடிக்கு ஏறிப்போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஆயா க்யா?"

ஆன்டெனாவைத் திருப்புகிறார். வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

"நஹீ!" இல்லை என்று நான் மாடிப்படியில் நின்று கத்தினேன்.

டெலிடெக்ஸ்ட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. பக்கம் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும், போன முறை விட்டுப்போன எழுத்தில் ஒன்றிரண்டை நிரப்பிவிட்டுப் போகும். ஒரு சுற்று. கிறுக்கல் இருந்த இடத்தில் ஒரு எழுத்து வந்தது. "ஆயா க்யா?" "நஹீ!" இன்னொரு சுற்று. காயம்பட்டவர்கள் என்று ஒரு சொல் முழுசாக வந்தது. அதற்கு முன்னால் இருந்த எண் வரவில்லை. அந்த எண் வரவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. கீழே பேக்கரிக்காரர்கள் இந்தக் கூச்சலைக் கேட்டு என்னவோ ஏதோ என்று படியில் வந்து நின்றார்கள். இன்னொரு சுற்று. வெள்ளைச் சதுரம் ஒருமுறை நடுங்கியது, எழுத்தாகும்போல இருந்தது, மறுபடி சதுரமானது. நான் திரையைக் கையால் தொட்டேன் என்று நினைக்கிறேன். தொட்டால் வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த சுற்றில் வந்தது. முன்னால் போன வண்டியின் எண். அப்பாவின் வண்டி பின்னால் ஏதோ சின்ன ஸ்டேஷனில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று கீழே இன்னொரு வரி.

"ஆகயா!" வந்துவிட்டது என்று கத்திக்கொண்டே படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவு தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார். திரையைப் படித்தார். "உன் அப்பா வண்டி இல்லையே?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்னால் போன வண்டியிலும் யாருடைய அப்பாவோ இருப்பார் என்ற நினைப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்ததும், அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை என்று சாயங்காலம் சொன்னார்கள்.

முதலில் இந்தியில் எல்லோருக்குமாக விவரத்தை அடித்தேன். பிறகு பாவுவைப் பார்த்தேன். "எழுதிக்கோ, உன் பாஷையில எழுதிக்கோ," என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். ழ-வுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயம் இல்லை. அதனால் ழ வராத சொற்களாகப் பார்த்துப் போட்டேன். 'அம்மா, கவுந்தது வேற வண்டி. அப்பா வண்டி பின்னால நிக்குது. அப்பா நல்லா இருக்காரு. லேட்டா வருவாரு. பயப்படாத.' அது போதாது என்று தோன்றவே, 'சாப்பிடு' என்றும் சேர்த்தேன்.

அடித்துவிட்டேனே தவிர, அவள் படித்தாளா என்று எப்படித் தெரியும்? டி.வி. நம்மைப் பார்த்துத் தலையசைக்காதே. கரண்ட் இருக்கிறதோ என்னவோ. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்குள் வந்து அழுதுவைத்திருந்தால்? பாவு என்னைப் போகச் சொன்னார். குடையைப் பிடித்தும் பிடிக்காமலும் ஓடினேன்.

எங்கள் லைன் முனையிலேயே எனக்கு அந்தக் குரல் கேட்டது. முதலில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் அம்மா. ஊரிலிருந்து அதே வண்டியில் ஆட்கள் வர வேண்டிய வீடுகள் எங்கள் லைனில் இன்னும் இரண்டு மூன்று இருந்திருக்கின்றன. அம்மா உள்ளே போய் டி.வி.யைப் படிப்பாள், வாசலுக்கு வந்து முழுத் தொண்டையில் சொல்வாள். "நம்ம வண்டி இல்ல! நம்ம வண்டி நிக்கிதாம்! எல்லாரும் நல்லா கீறாங்களாம்!" மறுபடி உள்ளே. மறுபடி வாசலுக்கு. "லேட்டா வருமாம்! பயப்பட வேணாமாம்!" மழைச் சத்தத்தை மீறி அடுத்த லைன் வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை சொல்லச் சொல்லி ஜாடை காட்டினாள்.

என்னைப் பார்த்ததும் அதே சத்தத்தில், "சாப்புடுன்னு போட்டிருந்தியே, நீ சாப்ட்டியா?" என்றாள். டப்பாவைத் திறந்தபடியே கண்ட்ரோல் ரூமில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். கையில் மக்கன் பேடா டப்பா, பாகு ஒழுகி அட்டையெல்லாம் ஊறிப்போயிருந்தது. "வண்டி நின்னுச்சி. நான் தூங்கிட்டேன். எழுந்து பாத்தா அப்பவும் நின்னுகினு இருந்துது, மறுபடி தூங்கிட்டேன்," என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விபத்து. தெரு முழுக்க வந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எதற்கென்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. பேடாவில் முதல் பங்கு பாவுவுக்குப் போனது. அவர் ஜுரத்தில் படுத்திருந்தார்.

அதற்கப்புறம் பாவு தினமும் ஒரு பக்கத்தைத் தமிழுக்கென்றே விட்டுவிட்டார். கோயிலில் கிருத்திகைக்கு அன்னதானம், யார் வீட்டிலோ பேரன் பிறந்திருக்கிறான், யாரோ தவறிவிட்டார்கள், எடுப்பது எத்தனை மணிக்கு. சேதி சேகரித்துத் தருவது அம்மா. மறுபடி முறத்தோடு வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். சில சமயம் தப்பாகவும் பிடிப்பாள். ஒரு கல்யாணத்தைக் காதுகுத்தாக்கி என்னை அடிக்க வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நேரே மாடி ஏறி வந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஔந்துக்கு வந்தேன். டெலிடெக்ஸ்ட் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் பட்டனை அழுத்தினால் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன, எந்தப் பக்கமும் வந்து நிற்கவில்லை என்று பாவு சொன்னார். பிறகு எல்லோரும் செட்டாப் பாக்ஸ் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சிக்னல் எங்கேயோ பெரிய ஊரிலிருந்து நேராக வந்தது. பாவுவின் பெட்டிகளுக்கு வேலையில்லை. கண்ட்ரோல் ரூமில் இப்போது மொபைல் போன் உறைகள் விற்கிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். லைன் கலைந்து, தாபோடி, தேஹூ ரோடு, கராடியில் மகன் வீடு என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்தார்கள்.

புது டிஜிட்டல் எழுத்தைக் குறை சொல்ல மாட்டேன். பளிச்சென்று இருக்கிறது. அம்மாவுக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒருத்தர் அழுதால்கூட, அழுகிறார் என்று எழுதிக் காட்டுகிறது. ஆனால் அதற்கு நம்மைத் தெரியாது.

அப்பா இரண்டு வருடம் முன்பு தவறினார். எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் போனில் செய்தி அனுப்பினேன். நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நேரில் வந்தவர்கள் கம்மி. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தேவராஜ் மாமா வந்தார். அப்பாவோடு பேக்டரியில் ஒரே ஷாப்பில், ஒரே பட்டறையில், வேலை பார்த்தவர், இப்போது தேஹூ ரோட்டில் மகனோடு இருக்கிறார். இரண்டு பஸ் மாறி, விலாசம் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். கையில் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை.

"அண்ணன் எங்க அண்ணி, வாக்கிங் போயிட்டாரா? மொதப் பத்திரிக அவருக்குத்தான்னு எடுத்தாந்தேன்," என்றார் சிரித்துக்கொண்டே.

அம்மா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "உனக்கு யாரும் சொல்லலியாப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறிப்போனது. பத்திரிகை உறையின் மேல் அப்பாவின் பெயரை மாமாவின் மகன் அழகாக எழுதியிருந்தார். வேறு உறை போட்டுக் கொண்டுவருவதாக மாமா சொன்னார். அம்மா வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பினோம். கதவு மூடுகிற வரைக்கும் அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கட்கில இருந்திருந்தா அன்னிக்கே ஓடியாந்திருப்பனே, அண்ணி. அன்னிக்கே வந்திருப்பனே."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். அம்மாவால் உதட்டைப் படித்திருக்க முடியாது. ஆனாலும், "ஆமாம்பா," என்றாள்.